சொந்த மீட்டர் உள்ள சர்வர்: விபிஎஸ் எடுக்கும் முன்

ஆடித் தள்ளுபடி வாரத்தில் கடையின் வெப்சைட் திறக்கவில்லை என்று வாடிக்கையாளர் போன் செய்வார். உங்கள் தளம் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது என்று ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து ஒரு மெயில் வந்து கிடக்கும். சைட் செய்து கொடுத்த தம்பி, "விபிஎஸ்ஸுக்கு மாத்திட்டா சரியாயிடும்ங்கண்ணா" என்பார். முதலாளி கேட்பார்: "ஏனுங்க தம்பி, வருசத்துக்கு மூவாயிரம் ரூபாய்ல ஓடிட்டு இருந்ததுதானுங்களே, இப்ப எதுக்குங்க மாசாமாசம் ஆயிரம்?"

நியாயமான கேள்வி. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், பொள்ளாச்சி என்று இந்த வட்டாரத்தில் தொழில் நடத்தும் ஒருவர் அதற்குத் தானே பதில் கண்டுகொள்ள உதவுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று போவதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது: அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார்? இதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாதவருக்கு விபிஎஸ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்ல முடிந்தவர்கள் மேலே படிக்கலாம்.

ஒரு ஷெட், பல மீட்டர்

கோவை கணபதிப் பக்கம் ஒரு பெரிய ஷெட்டைத் தடுத்து நாலைந்து ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு வாடகைக்கு விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தடுப்பே இல்லாமல், எல்லோருக்கும் ஒரே இபி லைன் என்றால், ஒருவர் பெரிய லேத்தை ஓட்டும்போது அடுத்தவர் மோட்டார் திணறும். ஷேர்டு ஹோஸ்டிங் அப்படிப்பட்டது. ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் ஒன்றாகக் குடியிருக்கும். யாரோ ஒருவர் தளத்தில் கூட்டம் கூடினால் உங்கள் தளமும் மெதுவாகும். விபிஎஸ்ஸில், அதாவது விர்ச்சுவல் பிரைவேட் சர்வரில், ஷெட் அதேதான். ஆனால் நடுவில் சுவர் உண்டு, ஒவ்வொருவருக்கும் தனி மீட்டர், இவ்வளவு லோடு என்று ஒதுக்கீடு, கதவுக்குத் தனிச் சாவி. ஷெட் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொண்டால் அது டெடிகேட்டட் சர்வர். வாடகையும் அதற்குத் தக்கபடி.

அந்தச் சுவரை எழுப்பும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இந்த ஏற்பாடு பழையது. ஐபிஎம் தன் பெரிய கணினிகளில் 1972லேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண இன்டெல் சிப்புகளில் மலிவாகச் செய்ய முடிந்தது 2003இல் வெளிவந்த ஜென், 2007இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட கேவிஎம் போன்றவற்றால்தான். மாதம் ஐந்தாறு டாலருக்கு சர்வர் கிடைக்கும் காலம் அதன் பின்னர் வந்தது.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "இது கேவிஎம்மா?" கேவிஎம்மில் உங்களுக்கென ஒரு தனி கெர்னல் ஓடும். 2 ஜிபி ராம் என்று போட்டிருந்தால் பொதுவாக அது உங்களுக்கென்று ஒதுக்கியதாகவே இருக்கும். ஓபன்விஇசட் போன்ற கன்டெய்னர் வகையில் கெர்னல் பொதுவானது. இருப்பதைவிட அதிகமாக விற்றுவிடுவதற்கு அதில் வழி அதிகம். விலை பாதியாக இருக்கும் சில விளம்பரங்களின் காரணம் அங்கே இருக்கலாம்.

கேவிஎம்மிலும் சிபியு பெரும்பாலும் பொதுச் சொத்துதான். ஒரு விசிபியு என்றால் ஒரு கோர் முழுவதும் உங்களுடையது என்று பொருள் இல்லை. உங்கள் முறை வரும்போது கிடைக்கும், அவ்வளவே. அக்கம்பக்கத்தார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை லினக்ஸில் டாப் கட்டளை காட்டும் ஸ்டீல் என்ற எண்ணில் பார்க்கலாம். அது எப்போதாவது ஒன்று இரண்டு சதவீதம் போனால் கவலை இல்லை. நாள் முழுவதும் பத்தைத் தாண்டி நின்றால், வேறு இயந்திரத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.

யாருக்கு வேண்டும்

கிரைண்டர் கம்பெனிக்கோ பம்புசெட் டீலருக்கோ ஐந்து பக்கத்தில் ஒரு அறிமுகத் தளம், தொடர்பு எண், கூகுள் மேப் என்றால் ஷேர்டு ஹோஸ்டிங்கே தாராளம். அந்தப் பக்கங்களை மாறாத எச்டிஎம்எல் கோப்புகளாகவே வைத்தால் செலவு இன்னும் குறையும், உடைக்க வருகிறவனுக்கும் பிடி கிடைக்காது. இந்த வகைத் தளத்துக்கு யாராவது விபிஎஸ் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஈரோட்டு மஞ்சளையோ மரச்செக்கு எண்ணெயையோ பருத்திச் சேலையையோ நேரடியாக ஆன்லைனில் விற்பவர் நிலை வேறு. பொருள்களைக் காட்டும் பக்கத்தை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே கொடுக்கலாம். ஆனால் கார்ட், பணம் கட்டும் பக்கம் ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் புதிதாகத் தயாரித்தாக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஷேர்டு ஹோஸ்டிங் விழுவது அங்கேதான். வாங்க வந்தவர் பணம் கட்டும் இடத்தில் நின்றுவிடுகிறார். இழப்பு கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

திருப்பூரில் தேவை இன்னும் வலுவானது. ஒரு பனியன் ஆர்டர் நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங் வேறிடம், பிரின்டிங் இன்னோரிடம் என்று பல யூனிட் ஏறி இறங்கித்தான் முடிகிறது. எந்த லாட் எங்கே நிற்கிறது என்று எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்க இஆர்பிநெக்ஸ்ட், ஓடூ போன்ற கட்டற்ற மென்பொருள்களை நிறுவிக்கொள்ளலாம். இவை பைத்தானில் எழுதப்பட்டவை. பின்னணியில் இடைவிடாமல் ஓடும் வேலைகள் இவற்றில் உண்டு. சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் இவற்றுக்கு இடமில்லை. இங்கே விபிஎஸ் எடுப்பதில் தயக்கமே வேண்டாம். டேலியை வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு விண்டோஸ் விபிஎஸ் உண்டு. உரிமக் கட்டணம் சேர்வதால் அது லினக்ஸைவிட விலை கூடும்.

கல்லூரிகளையும் சொல்ல வேண்டும். அட்மிஷன் விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலை எல்லோரும் ஒன்றாக வந்து குவிவார்கள். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் விபிஎஸ்ஸின் அளவைக் கூட்டிவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனங்களில் இது எளிது. ஆனால் ராமையும் சிபியுவையும் மட்டும் கூட்டுங்கள். டிஸ்க்கையும் பெரிதாக்கிவிட்டால் பல இடங்களில் திரும்பக் குறைக்க முடியாது.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஆனால் வியாபாரம் வளர்ந்துவிட்டது என்பவருக்கும் வழி இருக்கிறது. ஷாப்பிஃபை, சோஹோ காமர்ஸ் போன்றவற்றில் சர்வர் கவலை முழுவதும் அவர்களுடையது. வேர்ட்பிரஸ்ஸே வேண்டும் என்றால் மேனேஜ்டு ஹோஸ்டிங் எடுக்கலாம். விலை சற்று அதிகம்தான். ராத்திரி 2 மணிக்கு எழுந்து பார்க்கும் ஆளின் சம்பளம் அதில் அடங்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டால் அது மலிவு.

எந்த ஊர் சர்வர்?

சொந்தமாக இயந்திரம் வைத்துக்கொள்வதில் கோவைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டிய மண் இது. அதனால், "நம்ம ஆபீஸ்லயே ஒரு கம்ப்யூட்டர வெச்சு ஓட்டிக்கலாமுங்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளுக்குள் மட்டும் பயன்படும் மென்பொருளுக்கு அது சரி. ஊருக்கெல்லாம் தெரிய வேண்டிய வெப்சைட்டுக்குச் சரிவராது. 2012 வாக்கில் கொங்குத் தொழிற்கூடங்கள் நாளின் பெரும்பகுதியை மின்வெட்டில் கழித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது மின்சாரம் சீராகிவிட்டாலும் இணைய இணைப்பு ஒரு தடையாக நிற்கிறது. வீட்டு பிராட்பேண்ட் பலவற்றில் வெளியிலிருந்து நேராக வந்து சேரக்கூடிய தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை. ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள்.

ஆகவே டேட்டா சென்டர். எந்த ஊரில்? இதைத் தூரக் கணக்கில் பார்க்கலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லிவினாடி. கோவையிலிருந்து நேர்க்கோட்டில் பெங்களூரு சுமார் 230 கிலோமீட்டர், சென்னை 430, மும்பை 1,000, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் 7,500. கேபிள் நேராகப் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் வேறு. நடைமுறையில் இதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் ஆகும். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒருமுறை போய்வர 150 மில்லிவினாடி என்று வையுங்கள். பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு முதல் எழுத்தைப் பெறுவதற்குள் குறைந்தது மூன்று நடை. அரை வினாடி அதிலேயே போய்விடுகிறது. பெங்களூரிலோ சென்னையிலோ மும்பையிலோ இருந்தால் அதே மூன்று நடை கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும்.

இன்று அருகிலேயே இடங்கள் இருக்கின்றன. டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரில் 2016 முதல் மையம் உண்டு. அமேசானுக்கு 2016இல் மும்பையும் 2022இல் ஹைதராபாத்தும் வந்தன. மைக்ரோசாஃப்ட் அஷூர் 2015லேயே சென்னையில் திறந்தது. லினோடை 2022இல் வாங்கிய அகமாய்க்கு மும்பையிலும் சென்னையிலும் இடமுண்டு. இ2இ நெட்வொர்க்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களும் இருக்கின்றன. வரைபடத்தில் பெங்களூரு பக்கம் என்பதால் அதுவே வேகம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உங்கள் இன்டர்நெட் நிறுவனம் எந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்பதைப் பொறுத்து மும்பையும் அதே வேகத்தில் கிடைக்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் சோதனை முகவரி தருகின்றன. ஆபீஸ் பிஎஸ்என்எல் லைனிலிருந்தும் கைப்பேசி ஜியோவிலிருந்தும் பிங் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். தளத்தைப் பார்க்க வேண்டியவர் ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருக்கும் பையர். கேட்லாக் தளத்தை ஐரோப்பாவில் வையுங்கள். உள் வேலைக்கான இஆர்பியை இந்தியாவில் வையுங்கள். இரண்டையும் ஒரே சர்வரில் திணிப்பது தவறு. பொது இணையத்துக்குத் திறந்திருக்கும் கேட்லாக்கை யாராவது உடைத்தால் உள் கணக்கும் சேர்ந்து போகும். தனித்தனி சர்வர் கட்டுப்படியாகாது என்றால், இந்தியாவில் ஒன்றை வைத்து முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன் ஒன்றைப் போடலாம். படங்களை அது பையருக்குப் பக்கத்து ஊரிலிருந்தே கொடுத்துவிடும்.

எவ்வளவு பெரியது?

வேர்ட்பிரஸ்ஸும் வூகாமர்ஸும் ஓடும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 2 ஜிபி ராம், ஒரு விசிபியு. இயங்குதளத்துக்கும் மற்ற சில்லறை வேலைகளுக்கும் 300 எம்பி, டேட்டாபேஸுக்கு 500 எம்பி என்று ஒதுக்கினால் மிச்சம் 1,200 எம்பி. பக்கம் தயாரிக்கும் பிஎச்பி வேலையாள் ஒன்றுக்கு 60 எம்பி என்றால் 20 வேலையாட்கள் வைக்கலாம். ஆனால் சிபியு ஒன்றுதான். ஒரு பக்கத்துக்கு அது கால் வினாடி உழைத்தால், வினாடிக்கு நாலு பக்கம், மணிக்கு 14,400 பக்கம். ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்துக் கொடுக்கும் கேச்சைப் போட்டுவிட்டால் பொருள் பக்கங்கள் இந்தக் கணக்கில் வராமலே வெளியேறும். கார்ட்டுக்கு மட்டும் இந்த நாலு பக்கம் செலவாகும். ஒரு நடுத்தரக் கடைக்கு இது நன்றாகவே போதும்.

இந்தக் கணக்கைப் போடாமல் வேலையாட்களின் எண்ணிக்கையை இஷ்டத்துக்கு ஏற்றிவிடுவதால் வரும் கோளாறு மிகப் பரவலானது. ராம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் அதிக நினைவகம் பிடித்திருக்கும் ஒரு புரோகிராமை நிறுத்தும். பெரும்பாலும் அது டேட்டாபேஸாகத்தான் இருக்கும். டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்று ஒற்றை வரி மட்டும் திரையில் நிற்கும். ரீஸ்டார்ட் செய்தால் ஓடும், அடுத்த கூட்டத்தில் மறுபடி நிற்கும். இதைப் பார்த்து உடனே பெரிய சர்வர் வாங்கிவிட வேண்டாம். முதலில் வேலையாட்களைக் குறையுங்கள், 1 ஜிபி அளவுக்கு ஸ்வாப் கோப்பு வையுங்கள், கேச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். 5 எம்பி போட்டோவை அப்படியே ஏற்றியிருந்தால் அதையும் சுருக்குங்கள். சிறிதாகத் தொடங்குவதே நல்லது, விபிஎஸ்ஸைப் பெரிதாக்கப் பல இடங்களில் சில நிமிடம் நிறுத்தினாலே போதும்.

டேட்டா அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மாதம் 1 டிபி என்றால், 2 எம்பி பக்கத்தை 5 லட்சம் தடவை கொடுக்கலாம்.

பில் வரும் வழி

வெளிநாட்டு நிறுவனம் 6 டாலர் என்று போட்டால் அது முழு விலை இல்லை. ஜிஎஸ்டி எண் கொடுக்காதவருக்கு 18 சதவீத வரி சேரும். எண் கொடுத்தால் அவர்கள் வரி போட மாட்டார்கள். ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்டி, தகுதி இருந்தால் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடிட்டரிடம் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். பேக்கப்புக்குத் தனிக் கட்டணம், கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தால்தான் உண்மையான மாதச் செலவு தெரியும்.

இந்தியக் கார்டுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் 1 முதல், மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே பதிவு செய்த அனுமதி வேண்டும். ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய வரம்பு 5,000 ரூபாயாக இருந்து 2022 ஜூனில் 15,000 ஆனது. இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனம் உங்கள் கார்டில் பணம் எடுக்கப் பார்த்தால் வங்கி மறுத்துவிடும். நினைவூட்டல் மெயில் யாரும் பார்க்காத முகவரிக்குப் போகும். சில வாரங்களில் சர்வரை நிறுத்துவார்கள், அப்புறம் அழித்தே விடுவார்கள். பணம் முன்கூட்டியே கட்டி வைக்க வசதி இருந்தால் ஆறு மாதத்துக்குக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ரூபாயில் பில் தரும் நிறுவனமாகப் பாருங்கள்.

முதல் நாள் வேலை

புதிய விபிஎஸ் இணையத்தில் ஏறிய சில நிமிடங்களிலேயே உலகின் எங்கெங்கோ இருந்து தானியங்கி நிரல்கள் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடும். உங்களைக் குறிவைத்து அல்ல. எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன. அதனால் தளத்தை ஏற்றும் முன்பே இவற்றை முடித்துவிட வேண்டும். எஸ்எஸ்ஹெச் நுழைவுக்குப் பாஸ்வேர்டை அணைத்துவிட்டுச் சாவிக் கோப்பை மட்டும் அனுமதிப்பது, ரூட்டாக நேரே நுழைவதைத் தடுப்பது, ஃபயர்வாலில் 22, 80, 443 ஆகிய மூன்று போர்ட்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடுவது, பாதுகாப்பு அப்டேட் தானாக ஏறும்படி வைப்பது. டேட்டாபேஸ் போர்ட் 3306 வெளியே தெரியவே கூடாது.

இயங்குதளமாக உபுன்டுவின் எல்டிஎஸ் பதிப்பைப் போடுங்கள். ஐந்தாண்டு இலவசப் பராமரிப்பு உண்டு, 24.04 பதிப்புக்கு 2029 வரை. சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் உங்களிடம் இருந்தால் அதை மாற்றுவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது. அதன் பராமரிப்பு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. பூட்டுக் குறிக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. குறுகிய காலச் சான்றிதழ் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்து, அது நடக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பழைய ஹோஸ்டிங்கிலிருந்து மாறுகிறவர்கள் தமிழைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய தளங்களில் டேட்டாபேஸ் லத்தீன் எழுத்து முறையில் இருக்கும், அதற்குள் தமிழ் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். அப்படியே எடுத்துப் புதிய இடத்தில் வைத்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும். புதிய டேட்டாபேஸை யுடிஎஃப்8எம்பி4 முறையில் அமையுங்கள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும், எமோஜிக்கு நான்கு. பழைய மைஎஸ்க்யூஎல்லின் யுடிஎஃப்8 மூன்றோடு நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் விமர்சனத்தில் ஒரு சிரிப்புப் படம் போட்டதும் பதிவு தோல்வியடைவது அதனால்தான். நகல் எடுத்துப் புதிய சர்வரில் போட்டு, பெயர், முகவரி, பொருள் விவரம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகே டொமைனைத் திருப்புங்கள். திருப்புவதற்கு முந்தைய நாளே டிஎன்எஸ்ஸின் டிடிஎல் எண்ணை 300 வினாடிக்குக் குறைத்து வைத்தால் மாற்றம் சீக்கிரம் பரவும். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதம் விட்டு வையுங்கள். ஆடி, தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மெயில் சர்வரை மட்டும் விபிஎஸ்ஸில் வைக்காதீர்கள். பல நிறுவனங்கள் வெளியே மெயில் அனுப்பும் 25ஆம் போர்ட்டை மூடியே தருகின்றன. திறந்து கொடுத்தாலும் புதிய ஐபியிலிருந்து வரும் மெயிலை ஜிமெயில் ஸ்பேமில்தான் தள்ளும். ஐரோப்பிய பையருக்கு அனுப்பிய கொட்டேஷன் அங்கே போய்க் கிடந்தால் ஆர்டரே போச்சு. மெயிலுக்கு சோஹோவோ கூகுளோ இருக்கட்டும். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று டிஎன்எஸ் பதிவுகளையும் போட்டுவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன.

பேக்கப்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுவதும் அழிந்தது, பக்கத்துக் கட்டடமும் சேதமடைந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று அது. பேக்கப்பை அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சர்வரோடு பேக்கப்பையும் இழந்தார்கள். வேறு ஊரில் பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டு வந்தார்கள்.

டாஷ்போர்டில் தெரியும் ஸ்னாப்ஷாட் வசதியானது, எடுத்துக்கொள்ளுங்கள். அது போதாது. அந்தக் கணக்கே முடங்கினால் ஸ்னாப்ஷாட்டும் அதோடு போகும். தினமும் இரவு டேட்டாபேஸையும் கோப்புகளையும் வேறொரு நிறுவனத்தின் ஸ்டோரேஜுக்கு அனுப்புங்கள். வாரம் ஒருமுறை ஆபீஸில் உள்ள ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பேக்கப்பை ஒரு புதிய விபிஎஸ்ஸில் ஏற்றித் தளம் எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். மணிக்கணக்கு பில்லில் அந்தச் சோதனைக்குச் சில ரூபாய்தான் ஆகும். திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டம்

இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு விபிஎஸ் நிறுவனங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐபி ஆகியவற்றை, சேவை முடிந்த பிறகும் ஐந்தாண்டு அவை வைத்திருக்க வேண்டும். அதனால் ஆதாரோ ஜிஎஸ்டி சான்றோ கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். அதே உத்தரவு உங்கள் நிறுவனத்துக்கும் பொருந்தும். சர்வரை யாராவது உடைத்தது தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும்; சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உபுன்டுவில் பதிவுகளைச் சில வாரங்களில் அழிப்பதே இயல்பான அமைப்பு, அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்தில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர்கள் பலர் உண்டு. பெண் பிள்ளைகளின் போட்டோ, ஜாதகம், கூட்டம், குலதெய்வம், சம்பளம், அப்பாவின் கைப்பேசி எண் என்று ஒரு குடும்பம் வெளியே சொல்லத் தயங்கும் எல்லாமும் அந்த சர்வரில் இருக்கும். அதை உடைத்தால் கெடுவது ஒரு கம்பெனியின் பெயர் மட்டுமல்ல. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாதவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. போட்டோவையும் ஜாதகத்தையும் யாரும் முகவரி தட்டி எடுக்க முடியாத கோப்புறையில் வையுங்கள். கல்யாணம் முடிந்தவர்களின் விவரத்தை அழித்துவிடுங்கள். பேக்கப்பைப் பூட்டுப் போட்டே வெளியே அனுப்புங்கள். இதைச் செய்ய ஆள் இல்லாத மையம் அந்தத் தகவல்களை ஆன்லைனில் ஏற்றாமல் இருப்பதே அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் மரியாதை.

கணக்கு யார் பேரில்?

சைட் செய்து கொடுத்தவர் நல்லவராகவே இருப்பார். டொமைனும் சர்வரும் அவர் மெயிலில், அவர் கார்டில் இருக்கும். நாலு வருடம் கழித்து அவர் பெங்களூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போயிருப்பார், எண் மாறியிருக்கும். ஓடிபி யாருக்குப் போகிறது என்றே தெரியாது. அந்த நேரத்தில் டொமைன் காலாவதியானால் உங்கள் கம்பெனிப் பெயர் உங்கள் கையை விட்டுப் போகும். விரும்பியவர் வாங்கிக்கொள்ளலாம்.

டொமைன், டிஎன்எஸ், விபிஎஸ் மூன்றின் கணக்கும் நிறுவனத்தின் பேரில், நிறுவனத்தின் மெயில் முகவரியில் இருக்க வேண்டும். பார்த்துக்கொள்கிறவருக்குத் தனி யூசர் கொடுங்கள், அவர் விலகும்போது அதை நீக்கிவிடலாம். இரண்டடுக்குப் பாதுகாப்பின் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு ஷெட் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். டொமைனை ஐந்தாண்டுக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள். இப்போதே உங்கள் டொமைன் நிறுவனத்தின் தளத்துக்குப் போய் லாகின் செய்து பாருங்கள். உங்களால் உள்ளே போக முடியவில்லை என்றால், விபிஎஸ் வாங்குவதைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.